586 க்கும் 809 க்கும் நடுவில்

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார், தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன கிழமை இரண்டு றிப்போட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டும் ஈரலுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஒன்று கொழும்பில் எடுத்தது, மற்றது மகனோடு சென்னை போயிருந்தபோது எடுத்தது. வழக்கமான விவரிப்போடு ரி1 என்று ஓர் எண்ணும் இரண்டிலும் அச்சாகியிருந்தது. முதலாவதில் 594. இரண்டாவதில் 803.

“பிள்ளை, ஒரு வருசத்துக்குள்ள இருநூறு ஏறிப்போச்சு. இனி என்ன செய்யிறது?” என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது. மாமி பின்னால் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா.

நான் ஒரு ரேடியோகிராபர். ரி1 போன்ற, ஈரலின் தளர்வு நேரங்கள் என்று சொல்லும் எண்களை அளப்பதுதான் கொஞ்சக் காலமாக என் வேலையும் படிப்பும். றிப்போட்டுகளை வைத்துவிட்டுப் படங்களின் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். காந்தத்தின் வலுவை ரெஸ்லா என்ற அலகில் சொல்வோம். கொழும்பு மெஷின் 1.5 ரெஸ்லா. சென்னை மெஷின் 3 ரெஸ்லா.

“மாமா, உங்கட ஈரல் அப்படியேதான் இருக்கு. காந்தம்தான் வேற” என்றேன்.

அவர் முழுதாக நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் எந்த ஆய்வுகூடத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும் என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். ரி1 அப்படிப்பட்ட எண் அல்ல. அன்று அவரிடம் வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்ட தாள்களோடு இனியும் ஆட்கள் வரத்தான் போகிறார்கள்.

உடம்பிலுள்ள தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது. வலுவான காந்தத்துக்குள் போனதும் அந்த ஐதரசன் கருக்கள், மிகச் சிறிய அளவில்தான், காந்தத்தின் திசைக்கு ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து அந்த ஒழுங்கைக் கலைக்கிறோம். கலைந்தது மீண்டு வருகிறது. அந்த மீட்சியில் 63 வீதம் நடந்து முடிய எடுக்கும் நேரம்தான் ரி1. கருக்கள் ஒத்துச் சுழல்வது குலைந்து, அவற்றிலிருந்து மெஷினுக்குக் கிடைக்கும் சைகை 37 வீதத்துக்கு இறங்க எடுக்கும் நேரம் ரி2. காந்தப்புலத்தில் உள்ள மேடு பள்ளங்களும் சேர்ந்து சைகையை இன்னும் விரைவாக அழிக்கும்போது கிடைப்பதை ரி2 ஸ்டார் என்கிறோம். எல்லாம் மில்லிசெக்கன் கணக்கு.

இதில் காந்தத்தின் வலு எங்கே வந்து சேருகிறது? கலைந்த கரு மீள வேண்டுமானால் வாங்கிய சக்தியைச் சுற்றியுள்ள மூலக்கூறுகளிடம் கொடுக்க வேண்டும். கரு செக்கனுக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்ற மீடிறனுக்குக் கிட்டிய வேகத்தில் அந்த மூலக்கூறுகள் உருண்டுகொண்டிருந்தால் கொடுப்பது சுலபம். 1.5 ரெஸ்லாவில் அந்த மீடிறன் ஏறக்குறைய 64 மெகாஹேர்ட்ஸ், 3 ரெஸ்லாவில் 128. ஈரலில் நிறையத் தண்ணீர் புரதங்களோடு ஒட்டி மந்தமாகத்தான் அசைகிறது. மீடிறன் கூடக்கூட அதற்கு ஈடுகொடுக்கும் அசைவு குறைகிறது, மீட்சி தாமதமாகிறது, ரி1 நீளுகிறது. இந்த அடிப்படையை புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் மூவரும் 1948 இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வருவதற்கு எத்தனையோ வருடங்கள் முன்னால்.

இனி எண்களுக்கு வருகிறேன். 2004 இல் டி பஸெலேர் குழுவினர் ரேடியாலஜி இதழில் வெளியிட்ட அளவீடுகளை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். சுகதேகிகளின் ஈரல் ரி1 அவர்களுக்கு 1.5 ரெஸ்லாவில் சராசரி 586, நியம விலகல், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவுகின்றன என்ற அளவு, 39. 3 ரெஸ்லாவில் சராசரி 809, நியம விலகல் 71. மாமாவின் இரண்டு எண்களும் இந்த இரண்டு சராசரிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவரோடு இருந்த பயத்துக்கு அந்த ஒரு வரி போதும்.

எனக்கு ஆனால் சராசரியைவிட விலகல்தான் முக்கியம். இரண்டு நியம விலகலை இரண்டு பக்கமும் எடுத்தால் 1.5 ரெஸ்லாவில் 508 இலிருந்து 664 வரை. 3 ரெஸ்லாவில் 667 இலிருந்து 951 வரை. இரண்டு வீச்சுகளும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. ஒருவரின் றிப்போட்டில் 665 என்று இருந்தால், 1.5 ரெஸ்லாவில் அது மேல் எல்லையைத் தாண்டிய எண், ஈரலில் அழற்சியோ, தழும்பு போல இழையம் இறுகும் நார்ப்பிடிப்போ இருக்குமோ என்று யோசிக்க வைக்கும். 3 ரெஸ்லாவில் அதே 665 கீழ் எல்லைக்கும் கீழே போகிறது, இரும்பு சேர்ந்திருக்கிறதா என்று யோசிக்க வைக்கும். எண் ஒன்றுதான். கேள்வி நேர்மாறு. மெஷினின் வலுவைக் குறிப்பிடாமல் ரி1 எண்ணை அச்சடித்துக் கொடுப்பதை நான் பொறுப்பில்லாத வேலை என்றே சொல்வேன். மாமாவின் இரண்டு றிப்போட்டுகளிலும் எழுத்துப் பகுதியில் அது இருக்கவில்லை. படத்தின் மூலையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

சரி, காந்தத்தை ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா? இல்லை.

ரி2 ஐப் பாருங்கள். அதே 2004 ஆய்வில் 3 ரெஸ்லாவில் ஈரலின் ரி2 34 மில்லிசெக்கன். அடுத்த வருடம் ஸ்டானிஸ் குழு, வெளியே எடுத்த சுண்டெலி ஈரலை 37 பாகைச் சூட்டில் வைத்து, அதே 3 ரெஸ்லாவில் அளந்தது. ரி1 812. மனித ஈரலின் 809 ஓடு ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. ரி2 ஓ 42. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தோடு, மூச்சும் இரத்த ஓட்டமும் உள்ள உடம்புக்கும் அசையாத மாதிரிக்கும் உள்ள வித்தியாசம், அளக்கும் முறையில் உள்ள வித்தியாசம் எல்லாம் அந்த 8 மில்லிசெக்கனுக்குள் கலந்து கிடக்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பல அட்டவணைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் போகின்றன. புதிதாகப் படிக்க வருபவர்கள் எதை நம்புவது?

முறை என்று சொன்னேன். ரி1 ஐ அளக்க ஒழுங்கான வழி, காந்தமாக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, வெவ்வேறு நேரம் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் அளப்பது. நல்ல வழிதான், ஆனால் நேரம் எடுக்கும். ஈரல் மூச்சோடு ஏறி இறங்கும் உறுப்பு, ஒருவரை அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கச் சொல்ல முடியாது. அதனால் குறுக்கு வழிகள் வந்தன. லுக், லொக்கர் இருவரின் 1970 ஆம் ஆண்டு யோசனையில் ஒரே மீட்சியின் வழியிலேயே பல தடவை அளக்கலாம். 2004 இல் இதயத்துக்கென வந்த மொல்லி முறை அதன் வழியில் வந்தது, பிறகு ஈரலுக்கும் வந்தது. ஒரே மூச்சில் முடிந்துவிடும், ஆனால் உண்மையான ரி1 ஐவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. ஈரலில் கொழுப்பு இருந்தால் அந்த எண் இன்னொரு பக்கம் இழுபடும். துடிப்பின் கோணத்தை மாற்றி மாற்றி அளக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. 3 ரெஸ்லாவில் ரேடியோ அலை வயிற்றுக்குள் ஒரே சீராகப் பரவுவதில்லை என்பதால், நாங்கள் கொடுத்ததாக நினைக்கும் கோணம் ஈரலின் ஒரு மூலையில் கிடைத்திருக்காது. அதைத் தனியே அளந்து திருத்தாவிட்டால் ஒரே ஈரலுக்குள்ளேயே வலப்பக்கம் ஓர் எண், இடப்பக்கம் வேறோர் எண்.

அடுத்தது மூச்சு. ஸ்கான் அறைக்கு வெளியே மைக்கில் நாங்கள் சொல்லும் வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “மூச்சை எடுங்கோ... விடுங்கோ... அப்படியே பிடியுங்கோ.” மூச்சை விட்ட பிறகு பிடித்தால் பிரிமென்றகடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். எடுத்துப் பிடித்தால் ஒரு தடவை கொஞ்சமாக எடுப்பார்கள், அடுத்த தடவை நிறைய எடுப்பார்கள், ஈரல் இடம் மாறிவிடும், நாங்கள் வேறு துண்டை அளந்துகொண்டிருப்போம். கடற்றொழில் செய்யும் தம்பிமார், அதிலும் சுழியோடிப் பழகியவர்கள், சொன்ன மாத்திரத்தில் சிலை மாதிரிக் கிடப்பார்கள். அவர்களின் வரைகோடுகள் அவ்வளவு அழகாகப் பொருந்தும். வயதானவர்களுக்கு 8 செக்கனுக்கு மேல் கஷ்டம். அவர்களின் எண்ணில் ஈரலின் குணத்தோடு மூச்சின் தள்ளாட்டமும் கலந்துதான் வரும்.

அளக்கும் இடம் இன்னொன்று. கணினித் திரையில் ஈரலின் மேல் ஒரு சிறு வட்டம் போடுவோம், அதற்குள் இருக்கும் எண்களின் சராசரிதான் றிப்போட்டில் போகும். வட்டம் ஒரு இரத்த நாளத்தைத் தொட்டால் ரி1 கூடிவிடும், ஏனென்றால் இரத்தத்தின் ரி1 ஈரல் இழையத்தைவிட மிக நீண்டது. இடது மடலில் போட்டால் பக்கத்தில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், சைகை அலையும். மேல் விளிம்புக்குக் கிட்டப் போட்டால் சுவாசப்பையின் காற்று அங்கே காந்தப்புலத்தைக் குலைக்கும், ரி2 ஸ்டார் சடாரென்று விழும். அதனால்தான் வலது மடலின் நடுவில், நாளங்களை விலக்கி, ஒன்றுக்கு மூன்று வட்டம் போடச் சொல்கிறோம்.

இந்த ரி2 ஸ்டார் விழுவது வெறும் ஏட்டு விசயம் இல்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் ஈரலில் இரும்பு சேருகிறது. இரும்பு ரி2 ஸ்டாரைக் குறைக்கும், அதை வைத்து இரும்பின் அளவைக் கணக்கிடலாம். ஊசி போட்டு ஈரலில் துண்டு எடுக்கத் தேவையில்லை. குருநாகலில் தலசீமியாவுக்கென்றே நிலையம் இருக்கும் நாடு இது, எங்களுக்கு இது சின்னக் காரியம் இல்லை. 2005 இல் வூட் குழு பிளட் இதழில் கொடுத்த சூத்திரம் 1.5 ரெஸ்லாவுக்கானது: ஆயிரத்தை ரி2 ஸ்டாரால் வகுத்து, 0.0254 ஆல் பெருக்கி, 0.202 ஐக் கூட்டினால் ஒரு கிராம் உலர்ந்த ஈரலில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று வரும். சுகமான ஈரலின் மேல் எல்லையாகப் பொதுவாகச் சொல்வது 1.8.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரி2 ஸ்டார் 20 என்றால் இரும்பு 1.47, நல்லது. 16 என்றால் 1.79, எல்லையில் நிற்கிறது. 15 என்றால் 1.90, தாண்டிவிட்டது. ஒரேயொரு மில்லிசெக்கன்தான் வித்தியாசம். வட்டம் கொஞ்சம் மேலே, சுவாசப்பைப் பக்கம் தள்ளிப் போனால் அந்த ஒரு மில்லிசெக்கன் போய்விடும். இதே சூத்திரத்தை 3 ரெஸ்லா அளவீட்டுக்குப் போட்டால் இன்னும் மோசம். அங்கே சைகை அழியும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. 1.5 இல் 1.47 ஆக இருந்த சுகமான ஆள் அங்கே 2.7 க்கு மேலே போய், இரும்பு கூடிய நோயாளி ஆகிவிடுவார்.

அதற்கும் மேலே உடம்பு இருக்கிறது. ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் நாலில் மூன்று பங்கு குடலிலிருந்து ஈரல் வாயினாளம் வழியாக வருகிறது. சாப்பிட்டதும் அந்த ஓட்டம் நன்றாகக் கூடும். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வந்தவரின் ஈரலும், வெறும் வயிற்றோடு வந்தவரின் ஈரலும் அந்த நேரத்துக்கு ஒன்றல்ல. வைகாசி வெயிலில் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வியர்த்து வந்தவர் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். பொதுவாக ஆண்களின் ஈரலில், மாதவிடாய் நிற்காத பெண்களைவிட இரும்பு கூட. இரும்பு ரி1 ஐயும் குறைக்கும். இவர்கள் எல்லோரும் சுகதேகிகள்தான், ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. எண்கள் மட்டும் ஒன்றாக இருக்காது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். ஏழு கிணறும் கையெட்டும் தூரத்தில்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் வெப்பமானியை விட்டால் ஏழு எண் வரும், அது கிணற்றுக்குக் கிணறு உள்ள வித்தியாசம். ஒரே கிணற்றில் திரும்பத் திரும்ப விட்டாலும் எண் கொஞ்சம் ஆடும், அது அளவீட்டின் ஆட்டம். முதலாவதைப் பேச வேண்டுமானால் இரண்டாவது எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். ஈரலில் பெரும்பாலான அட்டவணைகள் முதலாவதை மட்டும்தான் தருகின்றன. நியம விலகல் 39 என்றால் அது ஆளுக்கு ஆள் உள்ள பரவல், அளவீட்டின் ஆட்டமும் அதற்குள் கலந்தேயிருக்கிறது. ஒரே ஆளை ஒரே மெஷினில் இன்றும் அடுத்த கிழமையும் படுக்க வைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு அதில் பதில் இல்லை. நோயாளிக்குத் தேவைப்படுவதோ அந்தப் பதில்தான்.

புள்ளிவிவரவியலாளர்கள் பிளாண்ட், அல்ட்மன் இருவரும் 1996 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதிய குறிப்பு இதற்குச் சுலபமான வழி சொல்கிறது. ஒரே ஆளின் மீள் அளவீடுகள் எவ்வளவு ஆடுகின்றன என்று நியம விலகலாகக் கண்டுபிடித்து, அதை 2.77 ஆல் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு அந்த ஆட்டம் 15 மில்லிசெக்கன் என்று வையுங்கள். பெருக்கினால் 42. இரண்டு ஸ்கானுக்கு இடையில் 30 கூடியிருந்தால் ஈரல் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, 42 ஐத் தாண்டினால்தான் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு இடமும் தன் மெஷினில், தன் முறையில், தானே கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கடன் வாங்க முடியாது. மாமாவுக்கும் இதைத்தான் சொன்னேன்: திரும்பப் பார்க்க வேண்டுமென்று டொக்டர் சொன்னால், கொழும்பில் எடுத்த அதே மெஷினில், அதே மாதிரி வெறும் வயிற்றில் எடுங்கள், அப்பதான் 594 ஓடு ஒப்பிடலாம். மாமி அதைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டா.

மெஷினின் ஆட்டத்தைத் தனியே பிரித்துப் பார்க்கச் சோதனைக் குழாய்கள் வைத்திருக்கிறோம். பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றுக்குள் விரல் மொத்தத்தில் குழாய்கள், உள்ளே ஏகார் கூழும் வெவ்வேறு அளவில் நிக்கல் குளோரைட்டும், இளம் பச்சை நிறம். கழுத்தில் ஒரு குமிழி உருவானாலும் அதைச் சுற்றிக் காந்தப்புலம் கெட்டுவிடும், ஆகவே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். வேறு ஊர் மெஷினில் ஒப்பிட வேண்டுமென்றால் பெட்டியை ஏ6 வீதியால் கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். கந்தளாய்க்குள்ளேயே வான் அடுப்பாகிவிடும். ஸ்கான் அறை ஏசிக் குளிரில் இருக்கும். கூழின் ரி1 சூட்டோடு மாறும். நிக்கலைத் தெரிவதே அந்த மாற்றம் மற்ற உப்புகளைவிடக் குறைவு என்பதால்தான், இருந்தும் இல்லாமல் போவதில்லை. பெட்டியை அறைக்குள் வைத்து, நடுக்குழாயில் வெப்பமானியைச் செருகி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருப்போம். வெளியே நோயாளிகள் வரிசையில் இருக்க, ஒரு பெட்டி குளிருவதற்காக மெஷினைச் சும்மா வைத்திருப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நேரத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதில் வரும் எண்ணை நம்பித்தான் மற்ற எண்கள் எல்லாம் நிற்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1971 இல் டமேடியன் சயன்ஸ் இதழில் எலி இழையங்களை அளந்து, சாதாரண ஈரலின் ரி1 0.293 செக்கன், ஈரல் புற்றுக்கட்டியினது 0.826 என்று காட்டியபோதுதான் இந்த எண்களுக்கு மருத்துவத்தில் மதிப்பு வந்தது. அந்த இடைவெளி மிகப் பெரியது, கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். இன்றைக்கு நாங்கள் தேடுவது அப்படிப்பட்ட இடைவெளி இல்லை. ஆரம்ப நார்ப்பிடிப்பு, இலேசான அழற்சி, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் கொழுப்பு. சுகமான ஈரலின் சொந்த ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும் மாற்றங்கள். அதுவும் தெற்காசியர்களுக்கு உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் ஈரலில் கொழுப்பு சேர்வது கூட. வெளிநாட்டில் அளந்த 586 ஐ வைத்து எங்கள் ஆட்களைச் சுகதேகி, நோயாளி என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் எண்ணை நாங்கள்தான் அளக்க வேண்டும்.

அதற்காகத்தான் சுகதேகிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். திருகோணமலைப் பக்கத்து ஆட்கள், ஆணும் பெண்ணும், எல்லா வயதும் வேண்டும். மதுப் பழக்கம் இருந்தாலோ ஈரல் வருத்தம் முன்னர் வந்திருந்தாலோ தயவுசெய்து முதலே சொல்லிவிடுங்கள். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகத் துண்டோ இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களைக் காந்தத்துக்குள் அனுப்ப மாட்டோம். வரும் நாளில் நாலு மணித்தியாலம் முன்னரே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் வழக்கம் போலக் குடியுங்கள். ஒருவருக்கு இரண்டு முறை வர வேண்டியிருக்கும், இரண்டு முறையும் ஒரே நேரத்துக்கு. ஒரு தடவை வந்து போனால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது, எனக்கு இரண்டாவது தடவைதான் முக்கியம்.